ஜமீலா சலாம் சொல்கிறாள்

786

மயிலாப்பூர்
14-7-96, ஞாயிறு

தபஸ்ஸுமின் அப்பா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் தபஸ்ஸுமும், தங்கள் அண்ணன் மெஹபூப் அலி பாய்சாப்பும் பாபியும் அல்லாஹ் கருணையால் சுகமாக இருக்கிறோம். தம்மாமில் தங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பாய்சாப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். முதுகுவலி என்று எழுதியிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏ.சி. மிஷினைத் தனி ஆளாகத் தூக்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? கேட்க ஆள் இல்லை என்று அங்கே இஷ்டத்துக்குத் தூக்குகிறீர்கள்.

ஜூன் மாதம் இங்கே பெய்த மழையை அங்கே டி.வி.யில்கூடக் காட்டியிருப்பார்கள். கச்சேரி ரோட்டுத் தண்ணீர் நம் சந்துக்குள் புகுந்து அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. தி. நகர் கடையிலிருந்து ஃபால்ஸ் தைக்க வந்திருந்த பட்டுச் சேலைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் பாபியும் கட்டில்மேல் ஏறி நின்றோம். ஒரு சேலைக்கும் சேதம் இல்லை. பாய்சாப் முழங்கால் வலியோடு வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். அவர் இல்லாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

தபஸ்ஸும் நாலாவது போகிறாள். நன்றாகப் படிக்கிறாள், அதைவிட நன்றாக வாயடிக்கிறாள். போன வாரம், அப்பா உயரமா பெரியப்பா உயரமா என்று கேட்டாள். தாங்கள் போனபோது அவள் கைக்குழந்தை, எனக்கே இப்போது நினைவில்லை. கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதில் தாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இங்கே ஒரு புது வேடிக்கை நடக்கிறது. மாடி போர்ஷன் ஹாஜிரா பீயைத் தங்களுக்குத் தெரியுமே, இலவசமாக ஏதாவது கொடுக்கிறார்கள் என்றால் அவளுக்குத் தூக்கத்தில்கூடக் காது கேட்கும். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மதியம் பெண்களுக்குக் கூட்டம் நடக்கிறது, டீயும் பன்னும் கொடுக்கிறார்கள், வா என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். குரல் பட்டறை என்று பெயராம். பட்டறையில் இரும்பைத்தான் அடிப்பார்கள், குரலை எப்படி அடித்து நீட்டப் போகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நடத்துகிறவள் பெயர் நீரஜா, அடையாறில் வீடு. காதில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் வந்து இறங்கியது காரில். காலையிலிருந்து உங்கள் தெருவில் யார் யார் குரல் கேட்கிறது, சொல்லுங்கள் என்றாள். பால்காரர், பள்ளிவாசல் ஸ்பீக்கர், கோயில் ஸ்பீக்கர், பஸ் கண்டக்டர், பழைய பேப்பர்காரர், கட்சி ஆட்டோ என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னோம். சரி, யார் குரல் கேட்கவில்லை என்று கேட்டாள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நீரஜா சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

எனக்கு இதெல்லாம் சரியாகப் படவில்லை. யாராவது காரணம் இல்லாமல் பன் கொடுப்பார்களா? கார்ப்பரேஷன் தேர்தல் வருகிறது, பெண்களுக்கென்று வார்டு ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்கு ஆள் பிடிக்கிறார்களோ என்னவோ. மேஜைமேல் டேப் ரெக்கார்டர் வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஊராகக் கலவரம் நடந்தபோது, யாரோ வந்து நம் சந்தில் எத்தனை வீடு, எத்தனை ஆம்பிளை என்று விசாரித்துப் போனதை எழுதியிருந்தேனே. அன்று பயந்த பயம் இன்னும் விடவில்லை. பெயர் கேட்டபோது ஜமீலா என்று மட்டும் சொன்னேன். வீடு எங்கே என்றதற்குக் கோயில் பக்கம் என்று கையைக் காட்டினேன்.

தங்கள் அக்ரிமெண்ட் அக்டோபரோடு முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதுதான் நல்லது என்று பாய்சாப் சொல்கிறார். பாண்டி பஜாரில் பை கடை போட அதற்குள் வசதி வந்துவிடும், பிறகு அண்ணன் தம்பி சேர்ந்தே இருக்கலாம் என்கிறார். எனக்கும் சம்மதம்தான். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கீழே பாய்சாப் எழுத இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி

தம்பி கரீமுக்கு அண்ணன் மெஹபூப் அலி எழுதியது. மேலே எழுதியிருப்பதைப் படித்தேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்தக் கூட்டம் என்ன கூட்டம் என்று தெரியவில்லை. நான் போய் விசாரித்தால் நன்றாக இருக்காது. ஜமீலாவையே இன்னும் இரண்டு வாரம் போய்ப் பார்த்துவந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். அக்ரிமெண்ட் விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜமீலாவே சம்மதம் சொல்லிவிட்டாள்.


786

மயிலாப்பூர்
25-8-96, ஞாயிறு

தபஸ்ஸுமின் அப்பா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் சுகம். தங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வலி போய்விட்டதா, இல்லை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா?

தங்கள் ரூமில் இருக்கிற ஃபராஸ் லீவு முடிந்து வரும் வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். அவனிடம் ஊறுகாய், கறிமசாலாப் பொடி, முதுகில் தேய்க்கத் தைலம் எல்லாம் கொடுத்து அனுப்புகிறேன். தைலத்தை ரூமில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தானம் செய்யாமல் தாங்கள் தேய்த்துக்கொள்ளவும்.

கேசட்டும் வருகிறது. நேற்றுப் பேசி முடித்தோம். பாய்சாப் வழக்கம்போல் முதல் பக்கம் முழுக்கப் பேசியிருக்கிறார். இரண்டாவது பக்கத்தில் தபஸ்ஸும் பள்ளியில் பரிசு வாங்கிய பாட்டைப் பாடியிருக்கிறாள், நடுவில் இருமினால் பயப்பட வேண்டாம், ஐஸ் தின்றதுதான் காரணம். கடைசியில், ஜமீலா சலாம் சொல்கிறாள் என்று பாய்சாப் சொல்லி டேப்பை நிறுத்தினார். நான் பக்கத்தில்தான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ரூமில் எட்டுப் பேர், டேப் ஒன்றுதான், போட்டால் எல்லோருக்கும் கேட்கும், அதனால் உன் குரல் வேண்டாம் என்று தாங்கள் போன புதிதில் எழுதியதை நான் மீறியதில்லை. தபஸ்ஸும்தான், அம்மா ஏன் அவங்க சலாமை அவங்களே சொல்ல மாட்டேங்கறாங்க என்று பெரியப்பாவைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் குரல் கூட்டத்துக்குப் பாய்சாப் சொன்னபடி போய் வருகிறேன். இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன வாரம் சுவருக்கு ஒருத்தியாக நிற்கவைத்து, எதிர்ச் சுவரில் நிற்பவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள் நீரஜா. படித்த பெண்கள் கூப்பிட்டது எதிர்ச் சுவருக்கே எட்டவில்லை. குளத்தங்கரையில் கீரை விற்கிற தங்கபுஷ்பம் ஒரு சத்தம் போட்டாள், பள்ளிக்கூட வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். இவ்வளவு நல்ல குரல் உங்களுக்கு என்று நீரஜா புகழ்ந்தாள். தங்கபுஷ்பம் அதற்கு மசியவில்லை. "எங்கொரலு நாலு மாட வீதிக்கும் கேக்குதும்மா. கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசல்ல போய் நின்னா மட்டும் ஒருத்தனுக்கும் கேக்க மாட்டேங்குது, இன்னா மாயம் கீது அதுல?" என்றாள். எனக்கும் தெரியலைம்மா என்று நீரஜா ஒத்துக்கொண்டாள். அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

ஆனால் மற்றதெல்லாம் மர்மமாகவே இருக்கிறது. ஒவ்வொருத்தியையும் தனி அறையில் டேப் முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள். பேசியதைக் கேசட்டில் பிடித்து, சீட்டு ஒட்டி, அடையாறுக்குக் கொண்டுபோய் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஒரு கேசட்டின்மேல், இஸ்லாமியப் பெண், மயிலாப்பூர் என்று சீட்டு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். பெயர் இல்லை. பீரோ சாவி யாரிடம், யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள் என்று ஒன்றும் தெரியாது. ஊருக்கே கேட்காத குரலை ஊர் கேட்கச் செய்யப் போகிறோம் என்கிறவர்கள் எதற்குப் பூட்டிவைக்க வேண்டும்?

நான் வாயே திறக்கவில்லை. பாய்சாப்பிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வெற்றுக் கேசட் இரண்டு சும்மா கொடுத்தார்கள், அதை மட்டும் வாங்கி வந்தேன். இப்போது தங்களுக்கு வருவது அதில் ஒன்றுதான். யாரைச் சந்தேகப்பட்டாலும் கேசட் கேசட்தானே என்று பாய்சாப் சொல்லிவிட்டார்.

கீழே பாய்சாப்புக்கு இடம் விட்டிருக்கிறேன். அக்ரிமெண்ட் பற்றி அவர் எழுதுவார். நான் புதிதாக எழுத ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மனைவி

தம்பிக்கு, படித்தேன். கேசட்டில் விவரமாகப் பேசியிருக்கிறேன், அதையே என் கடிதமாக வைத்துக்கொள். மெ. அ.


786

மயிலாப்பூர்
6-10-96, ஞாயிறு

கரீமுல்லா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தில் பாய்சாப்புக்கு இடம் விடவில்லை. அவருக்கு இது தெரியவும் தெரியாது. உறைமேல் விலாசத்தை எழுதியது தபஸ்ஸும். பழைய உறையைப் பார்த்து ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக எழுதினாள், கோணலாக இருந்தாலும் தப்பு இருக்காது. நானே தபால் ஆபீசுக்குப் போய், என் கையால் பெட்டியில் போடப் போகிறேன். அங்கே வந்து சேர்வது அல்லாஹ் பாடு, தபால்காரர் பாடு.

நான் வாயே திறக்கவில்லை என்று எழுதினேன் அல்லவா, அது பொய். எழுதிய கடிதத்தைப் பாய்சாப் படித்துத்தான் உறையில் போடுவார் என்று உங்களுக்கும் தெரியும். இத்தனை வருஷமாக உங்களுக்கு எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அவர் படிப்பதற்காகவும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். அவரைக் குற்றம் சொல்லவில்லை. தபஸ்ஸுமுக்குக் காய்ச்சல் வந்து கண் செருகியபோது தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர். ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும் என்று நம்புகிறார். நானும் பேசாமல் இருந்து இருந்து அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை அந்தத் தனி அறையில் என்னை உட்காரவைத்தார்கள். நீரஜா கதவைச் சாத்துவதற்கு முன்னால், தலாக் பற்றிப் பேசுங்க, பர்தா பற்றிப் பேசுங்க, உங்க சமூகத்துப் பெண்கள் அனுபவிக்கிற கஷ்டத்தை மனசு விட்டுச் சொல்லுங்க என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என்ன பேச வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்துவிட்டு, பேசுவது என் குரல் என்றால் எப்படி? அதற்குப் பாய்சாப்பே தேவலை. தலாக் சொல்வதற்குக்கூட முதலில் புருஷன் ஊரில் இருக்க வேண்டுமே அம்மா என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் ஆள் இல்லை. யாரிடம் பேசுவது என்று யோசித்தபோது உங்களைத் தவிர வேறு முகம் வரவில்லை. அந்த முகமும் சரியாக வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்று இங்கே திருப்பி எழுத வேண்டியதில்லை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

வெளியே வந்தபோது நீரஜா கேசட்டை வாங்கி அந்தச் சீட்டை ஒட்டினாள். இஸ்லாமியப் பெண், மயிலாப்பூர். நான் சந்தேகப்பட்டு எழுதிய அந்தக் கேசட் என்னுடையதுதான். தேர்தலுக்கு முன்னால் மயிலாப்பூரில் கூட்டம் போட்டு, நிற்கிற ஆட்களுக்கெல்லாம் இதைப் போட்டுக் காட்டப் போகிறோம் என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் நாள் ஹாஜிரா பீயைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அடையாறுக்கே போய்விட்டேன். என் கேசட்டைக் கொடு என்றேன். பெயர் சொல்ல மாட்டோமே, யாருக்கும் தெரியாதே என்றாள். பெயர் இல்லாமல் என் குரலை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய், அதைக் கேட்டு அந்த ஆட்கள் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறார்களா என்று கத்தினேன். அவள் வீட்டுச் சமையல்காரி ஓடி வந்தாள். சுவருக்கு எதிரில் நிறுத்திப் பழக்கியவள் அவள்தான், பழகியதை அவள் வீட்டிலேயே காட்டும்படி ஆகிவிட்டது. நீரஜா பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். மன்னிச்சிடுங்க என்றும் சொன்னாள். அது மனசார வந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பஸ்ஸிலேயே அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிப் போட்டேன். யார் கையில் கிடைத்தாலும் என்னுடையது என்று தெரியக் கூடாது என்று ஒரு சுரண்டு, இஸ்லாமியப் பெண்ணாம் என்ற கோபத்தில் ஒரு சுரண்டு. வீட்டில் நூல் டப்பாவில் ஒளித்துவைத்தேன். நாங்கள் உங்களுக்காகப் பேசி மேஜையில் வைத்திருந்த கேசட்டும் அதே ஜாதி, அதிலும் சீட்டு இல்லை. ஃபராஸ் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னவன் வியாழனன்றே வந்து நின்றான். பாய்சாப் வாசலிலிருந்து அவசரப்படுத்தினார். ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த நானே கேசட்டை எடுத்து உள்ளே வைத்துக் கட்டினேன்.

அடுத்த வாரம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நான் பேசியதை அழித்துவிடலாம் என்று நூல் டப்பாவிலிருந்த கேசட்டை எடுத்துப் போட்டேன். தபஸ்ஸும் பாடுகிறாள். இருமுகிறாள். பிறகு பாய்சாப் குரல், ஜமீலா சலாம் சொல்கிறாள். நூல் டப்பாவைத் தரையில் கொட்டித் தேடினேன், வேறு கேசட் இல்லை.

ஹாஜிரா பீயிடம்தான் போய் அழுதேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, தெரிந்தே மாற்றிவைத்தாயா என்று கேட்டாள். சத்தியமாக இல்லை என்றேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கு என் கைமேலேயே சந்தேகம் வருகிறது. ஒளித்துவைத்த கேசட் நூல் டப்பாவை விட்டு மேஜைக்கு எப்படி வந்தது? எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டேன், அன்று என் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அங்கே நடந்ததும் எனக்குத் தெரியும். ஃபராஸ் போனில் சொன்னதை அவன் அம்மா அசோக் நகரிலிருந்து பஸ் ஏறி வந்து என்னிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது வழக்கம்போல் ஊர்க் கேசட்டைப் போட்டீர்களாம். பாய்சாப் குரல் வரவில்லை. ஒரு பெண்பிள்ளை குரல், எடுத்த எடுப்பிலேயே, எல்லாவற்றுக்கும் சம்மதம் சம்மதம் என்று எழுதுகிறேனே, ஒன்றுக்கும் எனக்குச் சம்மதம் இல்லை, வந்துவிடுங்கள் என்றதாம். எட்டுப் பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்களாம். ஃபராஸ் நாலைந்து வீட்டுக் கேசட்டைக் கொண்டுபோனதில் கலந்துவிட்டதோ, யாருடைய வீட்டு ஆளோ என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருத்தருக்கும் நம் வீட்டுக் குரல்தானோ என்று பயம். நீங்களும் மற்றவர்கள் முகத்தைத்தான் பார்த்தீர்களாம்.

அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் குரல் உங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. தப்பு உங்கள்மேல் இல்லை, கேட்டால்தானே தெரியும். கரீமுல்லா என்று நான் உங்கள் பெயரைச் சொன்ன பிறகுதான் தலையைக் குனிந்தீர்கள் என்று ஃபராஸின் அம்மா சொன்னார். கல்யாணமானதிலிருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர். எட்டுப் பேர் நடுவில் அதைச் சொல்லிவிட்டேன். நிறுத்தப் போனீர்களாம், உங்கள் ரூமில் இருக்கிற வாணியம்பாடிப் பெரியவர், இருக்கட்டும் தம்பி, என் வீட்டுக்காரியும் இதைத்தான் சொல்வாள், ஓடட்டும் என்றாராம்.

இது நடந்து இத்தனை நாள் ஆகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் ஓடினேன். கோபமா, வெட்கமா, ரூமில் யாராவது கேலி செய்தார்களா என்று நினைத்து நினைத்து ஃபால்ஸை இரண்டு தடவை தலைகீழாகத் தைத்தேன்.

போன வியாழக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு உங்கள் போன் வந்தது என்று பாய்சாப்பைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "ஒண்ணுமில்ல, அக்ரிமெண்ட் விஷயம்தான். கையெழுத்துப் போடட்டுமா, ஜமீலா என்ன சொல்றான்னு கேட்டான். சம்மதம்னு சொல்லிட்டேன்." நான் கையில் மாவோடு அங்கேதான் நின்றேன். நான் சொல்லவில்லையே பாய்சாப் என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. சுவர்க் கடிகாரம் பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். எப்பவும் நான்தானேம்மா சொல்றேன் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். பாபி என்னைப் பார்த்தார். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு துண்டு கறி அதிகமாக வைத்தார்.

அதிலிருந்து எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. கேசட் விஷயத்தை நீங்கள் பாய்சாப்பிடம் சொல்லவில்லை. ஜமீலா என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது என்னை. பதில் சொன்னது பாய்சாப். இது என் பதில்.

எனக்குச் சம்மதம் இல்லை. பாண்டி பஜாரில் கடை வந்தால் சந்தோஷம், வராவிட்டால் நான் தைக்கிறேன், நீங்கள் இங்கேயே ஏ.சி. ரிப்பேர் பாருங்கள். இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? அண்ணனுக்குச் செய்ய வேண்டியதை வந்து, பக்கத்தில் இருந்து செய்யுங்கள். தபஸ்ஸுமுக்கு நீங்கள் எவ்வளவு உயரம் என்று நான் சொல்லப் போவதில்லை. நிலைப்படியில் உங்களை நிறுத்திவைத்து அவளே பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் முதுகுக்கு நான் தைலம் தேய்க்க வேண்டும். வேறு காரணமும் இருக்கிறது, அதைத் தபஸ்ஸும் ஒட்டப்போகிற உறைக்குள் எழுத முடியாது.

என்மேல் கோபம் இருந்தால் அதையும் நேரில் வந்து காட்டுங்கள். உங்கள் வாயாலேயே திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் உங்கள் கோபத்தையும் இன்னொருத்தர் வந்து எனக்குச் சொல்லக் கூடாது.

நீரஜாவின் கூட்டத்துக்கு இன்னும் சனிக்கிழமை போகிறேன். அவளை இன்னும் நம்பவில்லை. அவள் என்ன பேசச் சொல்கிறாளோ அதை மட்டும் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அது அவளுக்கும் பழகிவிட்டது.

ரூமில் இருக்கிற எல்லோருக்கும், முக்கியமாக வாணியம்பாடிப் பெரியவருக்கும், என் சலாமைச் சொல்லுங்கள். அந்த அக்ரிமெண்ட் தாளை உங்கள் முன்னால் வைக்கும்போது, யா அல்லாஹ், இவர் கையிலிருக்கும் பேனாவில் மை வற்றிப் போகட்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் என் குரலைக் கேட்கிறானா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டுவிட்டீர்கள். வாருங்கள்.

ஜமீலுன்னிசா